ஜல்லிக்கரண்டி வெளிச்சம்

வீரம்மா மாற்றுக்குக் கொண்டுவந்த தூக்குபோசிப் பாத்திரத்தை ஜானகி தராசில் வைக்கவில்லை. விளிம்பை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, நடுவிரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டிக் காதருகே கொண்டுபோனார். மார்க்கெட் வாசலில் ஏதோ ஜீப் ஹாரன் அடித்தது. அது ஓயும்வரை பொறுத்திருந்து மறுபடியும் தட்டினார்.

“ஏனுங்கக்கா, இது எப்ப வாங்குனதுங்க?”

“சிலோன்லேருந்து கப்பல்ல வந்து எறங்கின வருசம். போன வாரம் படியில உருண்டு நசுங்கிருச்சு. சுணங்காம எடைபோட்டுக் குடுங்க தாயி, பஸ்சு போயிரும்.”

“ஒடம்புதானுங்க நசுங்கியிருக்குது. கொரலு அப்படியே இருக்குது.”

“அப்ப கொரலையும் சேத்து எடை போடுங்க,” என்றார் வீரம்மா. ஜெகதளாப் பக்கம் தேயிலை பறிக்கும் அவருக்கு இந்தக் கடையின் போக்கு பழக்கமானது.

குன்னூர் மார்க்கெட்டில் ஜானகியின் பாத்திரக்கடை பத்தடிக்கு எட்டடி. மாற்றுக்கு வரும் பழைய பாத்திரங்கள் சாக்குக்குள் போகும். சாக்கு நிறைந்ததும் உருக்குவதற்குக் கோயமுத்தூருக்கு லாரி ஏறும். ஆனால் எல்லாப் பாத்திரமும் சாக்குக்குப் போவதில்லை. ஜானகி தட்டிப் பார்த்து, கண்ணை ஒருமுறை மூடித் திறந்தால், அந்தப் பாத்திரம் கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் மரத்தட்டுக்குப் போய்விடும். மூடி இல்லாத குண்டா, காது போன வாணலி, ஓரம் சப்பையான பித்தளைத் தாம்பாளம் என்று அந்தத் தட்டில் இருப்பவற்றை யார் விலைக்குக் கேட்டாலும் கொடுக்க மாட்டார். “அது விக்கறதுக்கில்லீங்க, அது நம்ம ஆளுங்க,” என்பார்.

வயது ஐம்பத்து மூன்று. பொள்ளாச்சிப் பக்கத்தில் பிறந்து, கல்யாணமாகி மலையேறியவர். சேலைக்கு மேல் எப்போதும் ஒரு காப்பிப்பொடி நிற ஸ்வெட்டர். அதன் ஒரு பையில் பென் டார்ச், இன்னொரு பையில் சணல் கயிறு. கல்யாணப் பாத்திரங்களில் பெயர் வெட்டும் மிஷினை அவரேதான் பிடிப்பார். எழுத்து கொஞ்சம் ஆடும். “எல்லா எழுத்தும் சொன்ன பேச்சு கேக்குமுங்க. இந்த ழ இருக்குதே, அத வெட்டி முடிக்கறதுக்குள்ள பந்தியே எந்திரிச்சிரும்,” என்று குறைப்பட்டுக்கொள்வார்.

ஓட்டை போட்ட பொருள் எதைக் கண்டாலும் அதன் வழியாக வெளிச்சத்தைப் பார்க்காமல் இருக்க அவரால் முடியாது. மாவு அரிப்பு, வடிதட்டு, இடியாப்ப அச்சு, இட்லித் தட்டு என்று எதுவானாலும் சரி. ஒரு கல்யாண வீட்டில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த சமையல்காரர் கையிலிருந்து ஜல்லிக்கரண்டியை வாங்கி, டியூப்லைட்டை நோக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். எண்ணெயில் அப்பளம் கருகியது. சமையல்காரர் கோபப்படவில்லை. கரண்டியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, “வேற கொண்டாறச் சொல்லட்டுங்களா?” என்று கேட்டார்.

இந்தக் கிறுக்கெல்லாம் பிறவியிலேயே வந்ததில்லை. நான்கு வருடங்களுக்கு முன்னால் ஓர் ஐப்பசி மழையில் வாசல்படி வழுக்கிக் கால் முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. ஜெகதளாவுக்கு முந்தின சரிவில் இருக்கிறது வீடு, தகரக் கூரை. அந்த வருட மழைக்கு ஐந்து இடத்தில் ஒழுகியது. ஜானகி கட்டிலில் கிடந்தபடி சொல்லச் சொல்ல, கணவர் நாச்சிமுத்து ஒழுகும் இடங்களில் பாத்திரம் வைத்தார். தாலுகா அலுவலகத்தில் கிளார்க். பொறுமைசாலி. ஆனால் அந்தப் பொறுமைக்கும் அன்று சோதனை வந்தது.

“ஏனுங்க, அந்தக் குண்டாவ எடுத்துப்போட்டு சின்ன போசிய வைங்க.”

வைத்தார்.

“செரியில்லீங்க. போசியில ரெண்டு டம்ளர் தண்ணி ஊத்தி வைங்க.”

“ஜானகி, ஒழுகறத புடிக்கறதுக்குத்தான பாத்திரம் வெக்கறது. அதுக்குள்ள நாம எதுக்குத் தண்ணி ஊத்தோணும்?”

“அதுல உழுந்தா இருமற மாதிரி இருக்குதுங்க. ஊத்திப் பாருங்க.”

ஊற்றினார். சொட்டு விழும் ஓசை சட்டென்று கனிந்தது. ஐந்து பாத்திரமும் ஐந்து விதமாகப் பேசின. ஒன்று அவசரப்பட்டது, ஒன்று யோசித்து யோசித்துப் பேசியது. மழை வலுக்கும்போது பேச்சும் வேகமெடுத்தது. ஆறு வாரமும் ஜானகி டிவி பார்க்கவில்லை.

மழை விட்டதும் கூரை ஓட்டைகளை அடைக்கக் காளிமுத்து வந்தார். நான்கு ஓட்டையை அடைத்துவிட்டு ஐந்தாவதுக்கு ஏறும்போது, “அத மட்டும் உட்டுருங்க,” என்றார் ஜானகி. காளிமுத்து ஏணியில் நின்றபடி மூன்று முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். அப்படியும் நம்பாமல், சாயங்காலம் நாச்சிமுத்துவிடம் தனியாக ஒருமுறை கேட்டார்.

மாவுக்கட்டைப் பிரித்த டாக்டர், கணுக்கால் இறுகிவிடும், தினமும் அசைக்க வேண்டும், தையல் மிஷின் மிதித்தால் நல்லது என்றார். வீட்டில் மிஷின் இல்லை. தலைப்பகுதி என்றைக்கோ போய்விட்டது. கால்மிதியும் சக்கரமும் மட்டும் பின்பக்கக் கொட்டகையில் விறகோடு கிடந்தன. தைக்கத் துணியில்லாமல் வெறும் சக்கரத்தை எத்தனை நேரம்தான் மிதிப்பது? இரண்டாம் நாள் சக்கரத்தில் இரண்டு கரண்டியைக் கட்டினார். மூன்றாம் நாள் அந்தக் கரண்டி போய் இடிக்கும் இடத்தில் ஒரு தாம்பாளத்தைத் தொங்கவிட்டார். கால் சரியாகிவிட்டது. மிதிப்பதுதான் நிற்கவில்லை.

இரண்டு வருடத்தில் விறகெல்லாம் வெளியே வந்து, கொட்டகை முழுவதும் பாத்திரமாகிவிட்டது. ஒரு மிதி மிதித்தால் தையல் மிஷின் சக்கரம் சைக்கிள் சக்கரத்தை இழுக்கும். சைக்கிள் சக்கரம் குடைக்கம்பிகளைத் தள்ளும். கம்பி நுனியில் கட்டிய கரண்டிகள் ஒவ்வொன்றாக எழுந்து, உத்தரத்தில் தொங்கும் மூடிகளையும் தட்டுகளையும் தொட்டுவிட்டு விழும். நடுவில் ஒரு பல்பு. அதைச் சுற்றி இட்லித் தட்டும் அரிப்பும் இடியாப்ப அச்சும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுழலும். சுவரெல்லாம் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் ஊர்ந்துபோகும்.

அது வெறும் பொட்டாக மட்டுமே இருந்தது, ஒரு நாள் பிற்பகல் மூன்று மணிக்கு மூடுபனி கொட்டகைக் கதவு வழியாக உள்ளே வரும் வரையில். சுவரில் இருந்த ஒவ்வொரு பொட்டுக்கும் பல்புக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் கம்பி முளைத்தது. நூறு கம்பிகள், இருநூறு கம்பிகள், எல்லாம் மெதுவாகச் சுழன்றன. ஜானகி மிதிப்பதை விடாமல் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே இருந்து பார்த்த நாச்சிமுத்து, புகைதான் என்று நினைத்துத் தண்ணீர் வாளியோடு ஓடிவந்தார். வாசலில் அப்படியே நின்றார்.

“வெளிச்சத்துக்கு ஒடம்பு வந்துருச்சு பாருங்க,” என்றார் ஜானகி.

நாச்சிமுத்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு, “தேங்காயெண்ணெ ஒறஞ்சு போச்சு. அடுப்புல வெச்சு எடுக்கோணும்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருக்கு அது பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. அது என்னவென்று யாரிடமும் சொல்லத் தெரியவில்லை என்பதுதான் அவர் கஷ்டம். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் கொட்டகையைப் பார்த்துவிட்டு, “இது என்னங்க மாப்ள?” என்று கேட்கும்போது, “துணி காயப்போடற ஸ்டாண்டுங்க,” என்றிருக்கிறார். அலுவலக நண்பர் ஒருவரிடம் எலிப்பொறி என்றும் சொல்லியிருக்கிறார். “இதுல என்ன வேல நடக்குது, அத மட்டும் சொல்லு. நான் பாக்கறவங்களுக்குச் சொல்லிக்கறேன்,” என்று மனைவியிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டதுண்டு.

“வேல ஒண்ணும் நடக்கறதில்லீங்களே,” என்பார் ஜானகி.

போன வருடம் அதற்கு ஒரு வேலை வந்தது. வார்டு கவுன்சிலர் உஷா கொண்டுவந்தார்.

அந்தப் பக்கம் காட்டெருமைத் தொந்தரவு. சரிவின் மறுபக்கத்தில் காய்கறித் தோட்டங்கள். ஓரத்தில் இருப்பது கந்தப்பனின் கேரட் பாத்தி. பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரு காது மந்தம். மந்தமில்லாத காதைத் தலையணையில் வைத்துப் படுத்திருந்த ஒரு விடியற்காலையில், பாத்தி பாதி காலியாகிவிட்டது. பட்டாசு வெடிக்கக் கூடாது என்று வனத்துறையில் சொல்லிவிட்டார்கள். தகரம் தட்ட ஆள் கிடைப்பதில்லை.

“அக்கா, உங்க கொட்டாயில இருக்கறத ஓடைப் பக்கமா ஒண்ணு வெச்சுக் குடுத்தீங்கன்னா, அதும்பாட்டுக்குத் தட்டிக்கிட்டே இருக்குமல்லங்க? காட்டுமாடு கிட்ட வராது,” என்றார் உஷா.

ஜானகி பதில் சொல்வதற்குள் நாச்சிமுத்து சரி என்றுவிட்டார்.

ஓடைத் தண்ணீரில் ஓடும்படி ஒரு சைக்கிள் சக்கரம். அதன் விளிம்பு முழுக்க ஜானகி டம்ளர்களைத் திருகாணியால் இறுக்கினார். ஒவ்வொரு டம்ளரும் நிறைந்து இறங்க, சக்கரம் சுற்றியது. டயரில் உரசும்படி டைனமோவும் மூன்று பல்பும் வைத்தார். துரத்துவதற்கென்று கேட்டதால், தட்டுவதற்கு எண்ணெய் டின்னும் துருப்பிடித்த தகரமும்தான். பல்புகளுக்கு முன்னால் எந்தத் தட்டும் இல்லை, வெளிச்சம் மூஞ்சியில் அடித்தது. தண்ணீரைத் திறந்துவிட்டபோது கேட்ட சத்தத்தில் பக்கத்துச் சரிவிலிருந்த நாய்களெல்லாம் ஒரே நேரத்தில் குரைத்தன. உஷா படம் பிடித்து வாட்ஸப்பில் போட்டார். காட்டெருமைகள் வரவில்லை. நாச்சிமுத்து அலுவலகத்தில் முதல்முறையாக மனைவியைப் பற்றிப் பேசினார். “என்ர ஊட்டுக்காரி வனவிலங்குத் தடுப்புக் கருவி ஒண்ணு பண்ணியிருக்கறா.”

சத்தம் ஜானகியின் வீட்டுக்கும் கேட்டது. தகரத்தில் தகரம் தேய்கிற அந்த ஓசை சமையல்கட்டிலும் வந்தது, வாசலிலும் வந்தது. கடைக்குப் போனாலும் காதோடு கூடவே வந்தது. வாணலியைத் தட்டினால் வாணலியின் குரல் கேட்கவில்லை, ஓடைக்கரைத் தகரம்தான் கேட்டது. அந்த வாரம் வாங்கிப்போன இட்லிக் குண்டா ஒழுகுகிறது என்று ஒரு பெண் திருப்பிக் கொண்டுவந்தார். இருபத்தைந்து வருடத்தில் ஒரு விரிசல் ஜானகியின் விரலைத் தாண்டி வெளியே போனது அதுதான் முதல் தடவை. வேறு குண்டா கொடுத்து அனுப்பிவிட்டு, வெகுநேரம் தன் விரல் கணுவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த விடுமுறை நாளில், கடையின் மரத்தட்டில் இருந்ததையெல்லாம் இரண்டு பையில் போட்டுக்கொண்டு ஓடைக்குப் போனார். யாரிடமும் சொல்லவில்லை. டின்களை அவிழ்த்துவிட்டுத் தாம்பாளத்தைக் கட்டினார். தகரம் இருந்த இடத்தில் போசிகளும் குண்டாவும் வந்தன. கரண்டி முனைகளில் சைக்கிள் ட்யூப் ரப்பரைச் சுற்றினார். பல்புகளுக்கு முன்னால் மூன்று ஜல்லிக்கரண்டி. முடிக்கும்போது மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. தண்ணீரைத் திறந்துவிட்டார். தாம்பாளம் முதலில் பேசியது, அடங்குவதற்குள் போசிகள் தொடர்ந்தன. பனிக்குள் வெளிச்சக் கம்பிகள் நீண்டு சரிவுக்கு மேலே தேயிலைச் செடிகள் வரை போய் வந்தன. ஜானகி ஒரு பாறையில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு வந்திருந்த தக்காளிச் சோற்றைச் சாப்பிட்டார். அந்த வாரத்தில் அவர் வயிறாரச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

ஐந்து நாள் கழித்துக் கந்தப்பன் உஷாவுக்குப் போன் செய்தார். “ஏனுங்கம்மணி, மேல ஒண்ணு நிக்குதுங்க.”

“துரத்துதுல்லங்க?”

“எங்கீங்க துரத்துது. அது பாத்துக்கிட்டு நிக்குது.”

முதலில் ஒன்று. முழங்கால் வரை வெள்ளைக் காலுறை போட்டது போன்ற நான்கு கால்களையும் ஊன்றி, காதை முன்னால் நீட்டிக்கொண்டு, அசைபோட்டபடி நின்றது. ஒரு வாரத்தில் மூன்றாகிவிட்டன. கல்யாண வரவேற்புக்கு வந்தவர்கள் போலக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வந்ததற்குச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்பதுபோலக் கேரட் பாத்தியில் இறங்கின. கந்தப்பனின் மீதிப் பாதியும் போனது.

கேரட்டோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஒரு காலை ஏழரை மணிக்குப் பறிப்புக்குப் போன வீரம்மா, வளைவு திரும்பினதும் பத்தடி தூரத்தில் ஒரு காட்டெருமையைப் பார்த்துவிட்டார். பக்கத்திலிருந்த சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கியவர், அது நகரும்வரை அரை மணி நேரம் அசையாமல் நின்றிருக்கிறார். அடிபடவில்லை. ஆனால் அடிபட்டிருக்கலாம். உஷா போனில் இதைச் சொன்னபோது ஜானகி ஒரு சொம்பில் பெயர் வெட்டிக்கொண்டிருந்தார். மிஷின் வழுக்கிப் பெயருக்குக் குறுக்கே ஒரு கோடு விழுந்தது.

மறுநாள் காலையில், முகம் மழித்துக்கொண்டிருந்த நாச்சிமுத்துவின் பின்னால் போய் நின்றார்.

“ஏனுங்க, காட்டுமாடு வந்ததுக்கு நாந்தானுங்க காரணம். சத்தத்த மாத்தி வெச்சது நாந்தான்.”

நாச்சிமுத்து ரேஸரைக் கண்ணாடி விளிம்பில் வைத்தார். பாதி முகத்தில் சோப்பு நுரை. “யாராச்சும் பாத்தாங்களா?”

“இல்லீங்க.”

“அப்ப உட்ரு. தகரம் தேஞ்சு சத்தம் கொறஞ்சிருச்சு, மாட்டுக்கும் பழகிப்போச்சுன்னுதான் எல்லாருஞ் சொல்றாங்க. அப்படியே இருந்துட்டுப் போவுது.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “நான் ஆபீசுல வேற சொல்லி வெச்சிருக்கறேன்.”

சனிக்கிழமை சாயங்காலம் சமுதாயக் கூடத்தில் கூட்டம். இருபது பேர் இருக்கும். மாட்டுக்குச் சத்தம் பழகிவிட்டது, இன்னும் பெரிய சத்தமாக வைக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். இரண்டாவதாக இன்னொரு இயந்திரம் வேண்டும் என்றார் மற்றொருவர். ஜானகி எழுந்து நின்றார். நாச்சிமுத்து தரையைப் பார்த்தார்.

“பழகிப் போகலீங்க. மொதல்ல வெச்ச சத்தத்துக்கு அது ஓடத்தானுங்க செஞ்சுது. நாந்தான் யாருக்குஞ் சொல்லாமப் போயி எல்லாத்தையும் மாத்தி வெச்சேன். கேக்க நல்லாருக்கோணும்னு மாத்துனேன். தப்பு என்ர மேலதானுங்க.”

கந்தப்பன் நல்ல காதை இந்தப் பக்கம் திருப்பினார்.

“தெரிஞ்சே பண்ணுனீங்களாம்மா?”

“மாடு வரும்னு தெரியாதுங்க. அந்தத் தகரச் சத்தத்த என்னால காதுல கேக்க முடியலீங்க.”

“என்ர கேரட்டுக்குக் காது இல்லீங்களே.”

ஜானகிக்குக் கண் கலங்கிவிட்டது. கைப்பிடிச் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்த வீரம்மாவின் பக்கம் திரும்பி, “அக்கா, உங்களுக்கு ஒண்ணு ஆகியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்,” என்றார்.

வீரம்மா வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கினார். “அரை மணி நேரம் நின்னேன் தாயி. மெய்யாச் சொல்றேன், அந்தச் சத்தம் மட்டும் கேக்காம இருந்திருந்தா பயத்துலயே செத்திருப்பேன். அதுவும் கேட்டுக்கிட்டு நின்னுச்சு, நானும் கேட்டுக்கிட்டு நின்னேன். என்னைய அது திரும்பியே பாக்கல.”

முதலில் சிரித்தது உஷா. பிறகு கூடம் முழுவதும் சிரித்தது. கந்தப்பன் மட்டும் சிரிக்கவில்லை. இயந்திரத்தைக் கழற்றுவது, சோலார் வேலிக்கு எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுப்பது என்று முடிவானது. மனுவை நாச்சிமுத்து எழுதினார். அப்படி ஒரு மனு எழுத அந்தப் பக்கத்தில் அவரைவிட்டால் ஆள் கிடையாது. தை மாதம் வேலி வந்துவிட்டது.

கூட்டம் முடிந்த மறுநாளிலிருந்து ஜானகி காலை ஆறரைக்கெல்லாம் கந்தப்பனின் தோட்டத்தில் இருந்தார். மிதிபட்ட பாத்தியைக் கொத்தி, வரப்பெடுத்து, விதை போட்டுவிட்டு, அங்கேயே கைகால் கழுவிக்கொண்டு கடைக்குப் பஸ் ஏறினார். கந்தப்பன் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்காம் நாள் ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து வரப்பில் வைத்தார். ஆறாம் நாள், மண்வெட்டியில் சாய்ந்து நின்றபடி கேட்டார்.

“அந்த மேல கட்டியிருந்த தாம்பாளம் இருக்குதுங்களா, உருக்கறதுக்குப் போட்டுட்டீங்களா?”

“இருக்குதுங்க. ஏனுங்க?”

“இல்ல, எனக்கு இந்தப் பக்கத்துக் காதுல ஒண்ணும் உழுகறதில்ல. அது ஒண்ணு மட்டும் உழுந்துச்சு.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “போட்றாதீங்க,” என்றார்.

இப்போது அந்தத் தாம்பாளமும் போசிகளும் ஜல்லிக்கரண்டிகளும் வேலிக்கு வெகு கீழே, ரோட்டோரப் பஸ் நிழற்குடையில் இருக்கின்றன. யோசனை வீரம்மாவுடையது. நேரத்துக்கு வராத பஸ்ஸுக்காக நிற்கிறவர்களுக்கு ஏதாவது வேண்டும் என்றார் அவர். பின்னால் மலையிலிருந்து வரும் ஊற்றுத் தண்ணீர்க் குழாயில் சக்கரம் சுற்றுகிறது. மூடுபனி இறங்கிய பிற்பகல்களில் வெளிச்சக் கம்பிகள் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் வரை போகின்றன. பஸ் டிரைவர்கள் அந்த நிறுத்தத்தில் மட்டும் ஒரு நிமிடம் கூடுதலாக நிற்கிறார்கள் என்று சொல்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் இது எதற்கு என்று நாச்சிமுத்துவிடம் கேட்டால், அவர் எலிப்பொறி என்று சொல்வதில்லை. “சும்மா, பாக்கறதுக்கும் கேக்கறதுக்குமுங்க. ஊட்டுக்காரி செஞ்சது,” என்று சொல்லிவிட்டு, பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொள்கிறார்.

ஓடைக்கரையில் அதைக் கழற்றியது, கூட்டம் நடந்த அன்று, இருட்டுவதற்கு முன்னால். ஜானகியோடு நாச்சிமுத்துவும் உஷாவும் கந்தப்பனும் போயிருந்தார்கள். பெரிய காட்டெருமை வழக்கம்போல மேலே தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நின்றது. நடுவில் ஓடைப் பள்ளம் இருந்தாலும் யாரும் சத்தமாகப் பேசவில்லை. ஜானகி தண்ணீரைத் திருப்பிவிட்டார். சக்கரம் தள்ளாடி நின்றது. வெளிச்சம் அணைந்தது. தாம்பாளத்தின் கடைசி ஓசை பனிக்குள் போய் மறைந்தது.

காட்டெருமை போகவில்லை. அசைபோடுவதை நிறுத்திவிட்டு, காதை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டியது.

“வெசயாக் கழட்டு ஜானகி, இருட்டுது,” என்று கிசுகிசுத்தார் நாச்சிமுத்து.

ஜானகி ஸ்பேனரை முதல் நட்டில் வைத்தார். மேலே நிமிர்ந்து பார்த்தார். ஸ்பேனரை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, நனைந்த சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து, முழுதாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார்.